சின்னப் படகின் அடுப்படியில் டோஸ்ட்: டோஸ்டரா, கிரில்லா, தோசைக்கல்லா?

கால்வாய்வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான், ஆனால் எங்கள் படகில் தினமும் காலையில் இதை வைத்துத்தான் சண்டை.

இங்கிலாந்தில் கிராண்ட் யூனியன் கால்வாயில் 57 அடி நேரோபோட்டில் (கால்வாய்களுக்கான குறுகலான நீளப் படகு) நான், மனைவி, பள்ளிக்குப் போகும் மகள் மூவரும் குடியிருக்கிறோம். முன்பு படகுத்துறையில் இடம் வைத்திருந்தோம், கரை மின்சாரம் இருந்தது, டோஸ்டரைச் செருகினால் வேலை முடிந்தது. இப்போது நிரந்தர இடமில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கும் உரிமத்துக்கு மாறிவிட்டோம். 1995 சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் கட்டிப்போட முடியாது. அது பரவாயில்லை. ஆனால் செருகுவதற்குப் பிளக் கிடையாது.

வீட்டு டோஸ்டர் 900 வாட். இன்வெர்ட்டர் 1500 வாட் என்று போட்டிருக்கிறது. 110 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி இரண்டு. டோஸ்டரை அழுத்தியதும் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கிறது, கொஞ்ச நேரத்தில் அணைந்தே போகிறது. கேஸ் அடுப்பில், மேலிருந்து சுடர் படும் கிரில் இருக்கிறது. அதில் வைத்தால் நடுவில் கரி, ஓரத்தில் வெள்ளை. மகள் இரண்டையும் சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

பேட்டரியைக் கூட்டுவதா, வேறு டோஸ்டர் வாங்குவதா, இல்லை இந்த ஆசையையே விட்டுவிடுவதா? படகில் வாழ்கிறவர்கள் சொல்லுங்கள்.

---

கரையோரவாசி

ரஸ்க் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை சுட்டதுதானே அது. பழைய கப்பல்காரர்கள் மாதக்கணக்கில் காய்ந்த பிஸ்கெட்டைக் கடித்துக்கொண்டுதான் கடல் கடந்தார்கள்.

---

கால்வாய்வாசி

அண்ணா, அந்த மாலுமிகளுக்குப் பத்து வயது மகள் இருந்து, காலை ஏழு மணிக்கு அவள் முன்னால் ரஸ்க்கை வைத்திருந்தால் கப்பல் துறைமுகத்தை விட்டே கிளம்பியிருக்காது.

---

ஓம்_விதி

பேட்டரியைக் கூட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 900 வாட், மூன்று நிமிடம். அது 45 வாட்-மணி. 12 வோல்ட்டில் சுமார் 3.75 ஆம்பியர்-மணி, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் நான்கைக் கொஞ்சம் தாண்டும். உங்கள் பேட்டரி இரண்டும் சேர்ந்து 220. ஈய அமிலத்தில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்று வைத்தாலும் 110 இருக்கிறது. அதில் டோஸ்ட் எடுப்பது நான்கு. மின்சாரக் கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைத்தால் 100 வாட்-மணி போகும். டோஸ்டரைவிட அது இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆக பேட்டரியில் சக்தி இருக்கிறது. குடத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது, வாய்தான் குறுகல். 900 வாட்டை 12 வோல்ட்டிலிருந்து இழுத்தால் 75 ஆம்பியர், இன்வெர்ட்டர் இழப்போடு 85 வரை வரும். அவ்வளவு வேகமாக இழுக்கும்போது ஈய அமில பேட்டரியின் வோல்ட்டேஜ் தொய்ந்துவிடும். இரவெல்லாம் விளக்கும் பம்பும் ஓடிய பேட்டரி, குளிர்காலக் காலை, அதற்கு மேல் டோஸ்டர் என்றால் தொய்வு இன்னும் அதிகம். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 11 வோல்ட்டை நெருங்கும்போது கத்தும், பத்தரைக்கு வந்ததும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நீங்கள் கேட்பது அந்தச் சத்தம்தான்.

இன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது, பேட்டரியிலிருந்து எத்தனை மீட்டர், கேபிள் என்ன தடிமன்? இது தெரியாமல் மேலே பேசுவதில் பயனில்லை.

---

கால்வாய்வாசி

பேட்டரிகள் பின்பக்கம் எஞ்சின் அறையில். இன்வெர்ட்டர் அடுப்படிக்குப் பக்கத்து அலமாரியில். இடையில் ஐந்து மீட்டர் இருக்கும். கேபிள் மேல் 25 என்று அச்சடித்திருக்கிறது. முன்பு இருந்தவர் போட்டது.

---

ஓம்_விதி

அகப்பட்டுவிட்டது. போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் பத்து மீட்டர். 25 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பிக்கு மீட்டருக்கு 0.7 மில்லி ஓம். 85 ஆம்பியர் ஓடும்போது கம்பியிலேயே 0.6 வோல்ட் போய்விடுகிறது. வேறு எந்தச் சாதனத்துக்கும் இது பெரிதாகத் தெரியாது, டோஸ்டருக்குத் தெரியும். பேட்டரி முனையில் 11.3 இருந்தால் இன்வெர்ட்டர் பார்ப்பது 10.7.

இன்வெர்ட்டரைக் கழற்றி பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுபோங்கள். ஆனால் பேட்டரிக்கு நேர் மேலே வேண்டாம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். அங்கிருந்து அடுப்படிக்கு 230 வோல்ட் கம்பியை இழுங்கள். 230இல் அதே 900 வாட் நான்கு ஆம்பியர்தான், சாதாரணக் கம்பி போதும். கம்பி நீளம் ஒன்றுதான், எந்தப் பக்கத்தை நீட்டுகிறோம் என்பதில்தான் விஷயம். புது டோஸ்டரும் வேண்டாம், புது பேட்டரியும் இப்போதைக்கு வேண்டாம். பழைய பேட்டரி செத்த பிறகு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போட்டால் 85 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, வோல்ட்டேஜ் அசையாது.

---

கரையோரவாசி

இவ்வளவு எதற்கு? எஞ்சினை ஓட்டிவிட்டு டோஸ்டரைப் போட்டால் ஆல்டர்னேட்டரே அந்த ஆம்பியரில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுமே.

---

கால்வாய்வாசி

கொடுக்கும். ஆனால் மற்ற படகுகளுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சின் ஓட்டக் கூடாது என்பது கால்வாய் உரிம விதி. மகள் பள்ளிக்குக் கிளம்புவது ஏழரைக்கு. விதி இல்லாவிட்டாலும், இரண்டு துண்டு டோஸ்ட்டுக்காகக் காலை ஏழு மணிக்கு டீசல் எஞ்சினை உறும விட்டால் பக்கத்துப் படகுக்காரர் அப்புறம் நமக்கு மதகு திறக்கக் கை கொடுப்பாரா?

---

கரையோரவாசி

சரி, அப்படியானால் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர். இப்போது சூட்கேஸ் அளவில் வருகிறது, சத்தமும் குறைவு. பின்பக்கத் தளத்தில் வைத்துவிட்டால் போயிற்று.

---

ஓம்_விதி

நேரம் பற்றிய அதே விதி ஜெனரேட்டருக்கும் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் வேறு. 2013 ஏப்ரலில் வின்டர்மியர் ஏரியில் ஒரு மோட்டார் படகுக்குள் தாயும் மகளும் கார்பன் மோனாக்சைடு விஷத்தில் இறந்துபோனார்கள். எஞ்சின் அறையில் வைத்திருந்த சின்ன ஜெனரேட்டர், அதற்குச் சொந்தமாகச் செய்து மாட்டிய புகைக்குழாய். புகை வெளியே போகும் என்று நம்பித்தான் வைத்திருந்தார்கள். படகில் பின்பக்கத் தளம் என்பது திறந்த வெளி போலத் தோன்றும், ஆனால் கதவும் சன்னலும் அங்கேதான் இருக்கும், காற்று திரும்பினால் புகை நேராக உள்ளே. பெட்ரோல் கேன் வேறு. வேண்டாம்.

---

நெறியாளர்

இதையொட்டி ஒரு வரி. பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில் தங்கும் வசதியுள்ள படகுகளுக்குக் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். புகை அலாரம் வேறு, இது வேறு. டோஸ்ட் கருகினால் கத்துவது முதலாவது. கிரில் சரியாக எரியாதபோது கத்த வேண்டியது இரண்டாவது. அடுப்புக்குப் பக்கத்தில் புகை அலாரம் அடிக்கடி கத்துகிறதே என்று யாராவது பேட்டரியைப் பிடுங்கி வைத்திருந்தால் திரும்பப் போட்டுவிடுங்கள்.

---

சோழகக்காற்று

என்னுடையது பாய்ப்படகு, 28 அடி, இங்கிலாந்தின் தென்கரைக் கடலில், சோலண்டில் கட்டியிருக்கிறேன். குசினி என்று சொல்வது ஒரு ஆள் திரும்பி நிற்கிற இடம். மின்சாரத்தில் பாண் (உங்கள் ரொட்டி) வாட்டுகிற கதையே எங்களுக்கு இல்லை, நெருப்புதான். ஆகவே தம்பியின் கிரிலைப் பற்றிச் சொல்கிறேன்.

படகு அடுப்புகளின் கிரிலில் சுடர் வரும் குழாய் நடுவில்தான் இருக்கும், அதுவும் சின்னது. மேலே உள்ள தகடு சூடாகிச் செம்மை ஏறும் வரை பாணை உள்ளே வைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே எரிய விடுங்கள். சூடேறிய தகடு பரவலாக வெப்பத்தைக் கொடுக்கும், சூடேறாத கிரிலில் சுடர் மட்டும்தான் சுடும், அதுதான் உங்கள் நடுக்கரி. பிறகு தட்டை ஒரு படி கீழே இறக்குங்கள், பாதியில் துண்டை முன்பின்னாகத் திருப்புங்கள். கதவைத் திறந்தே வைக்க வேண்டும். பெரும்பாலான கேஸ் கிரில்கள் கதவு மூடினால் சரியாக எரியாது, மேலே உள்ள திருகு குமிழ்களும் உருகும்.

கேஸ் செலவு என்று பயப்படத் தேவையில்லை. ஒன்றரை கிலோவாட் கிரில் ஐந்து நிமிடம் எரிந்தால் பத்து கிராம் கேஸ். உங்கள் நேரோபோட்டில் 13 கிலோ சிவப்பு சிலிண்டர்தானே இருக்கும்? மூன்று வருடத்துக்குக் காலைப் பாண் வாட்டலாம்.

எங்களுக்கு அந்த வசதி இல்லை. பாய்ப்படகில் அடுப்பு கிம்பலில் தொங்கும். படகு பக்கவாட்டில் சரிந்தாலும் அடுப்பு மட்டமாக நிற்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் கிரில் தட்டை வெளியே இழுத்தாலோ அடுப்பின் கதவைத் திறந்தாலோ எடை ஒரு பக்கம் போகும், மட்டமாக நின்ற அடுப்பு உங்களைப் பார்த்துச் சரியும். மேலே கொதிக்கிற கேத்தில் இருந்தால் கதை முடிந்தது. ஆகவே ஓடும்போது கிரில் இல்லை, மேல் அடுப்பில் கம்பி வலை மட்டும். நங்கூரம் போட்ட பிறகு கிம்பலைப் பூட்டிவிட்டுத்தான் கிரில். அதோடு, முன்பின்னாகக் குத்தும் அலைக்குக் கிம்பல் ஒன்றும் செய்யாது.

---

அடுப்படி_அக்கா

யாரும் தோசைக்கல்லைப் பற்றிப் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் படகில் வாழவில்லை, ஆனால் விடுமுறைக்கு வாடகைப் படகில் கால்வாய்களில் போவோம். கையோடு இரும்புக் கல் ஒன்று போகும். வாடகைப் படகின் வாணலியை நம்பி யாரும் கிளம்பாதீர்கள்.

கல் நன்றாகக் காய வேண்டும். அதன் பிறகு தீயை நடுத்தரத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். ரொட்டித் துண்டின் மேல் மெல்லிசாக நெய் தடவி, தடவிய பக்கம் கீழே. வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால் பொருள் முதலில் கருகிக் கசக்கும். நெய்யில் அது ஏற்கெனவே நீங்கிவிட்டது. ரொட்டி கண்ணுக்குத்தான் தட்டை. கல்லின் மேல் வைத்தால் அங்கங்கேதான் தொடும், தொட்ட இடம் மட்டும் சிவக்கும். நெய் அந்த இடைவெளியை நிரப்பும். அதனால்தான் நெய் போட்டது ஒரே சீராக நிறம் பிடிக்கிறது.

மூடி போடாதீர்கள். முக்கால்வாசிப் பேர் சீக்கிரம் ஆகட்டும் என்று மூடுகிறார்கள், உள்ளே ஆவி அடைந்து ரொட்டி நனைந்த தோல் போல ஆகிவிடுகிறது. எடுத்ததும் தட்டில் படுக்க வைக்காமல் இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துங்கள், ஆவி போய்விடும். ஏலக்காய் இடித்துப் போட்ட டீ பக்கத்தில் இருந்தால் உங்கள் மகள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

---

சோழகக்காற்று

அக்கா, நல்லாய் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது டோஸ்ட் இல்லை, பொரித்த பாண்.

---

அடுப்படி_அக்கா

நாங்கள் சின்ன வயதிலிருந்து அதைத்தான் டோஸ்ட் என்று சாப்பிடுகிறோம். டீக்கடையில் பட்டர் பிரெட் டோஸ்ட் என்று கேட்டால் கல்லில் போட்டுத்தான் தருகிறார்கள். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

---

ஓம்_விதி

இரண்டு பேரையும் சமாதானம் செய்ய வரவில்லை, ஆனால் வித்தியாசம் உண்மையானது. டோஸ்டரிலும் கிரிலிலும் வெப்பம் கதிராக வருகிறது, மேல்பரப்பு திறந்தே இருக்கிறது, நீராவி உடனே போய்விடுகிறது. கல்லில் வெப்பம் தொட்டு ஏறுகிறது, அடிப்பக்கத்து ஆவிக்குப் போக வழியில்லை. ரொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். மேல்பரப்பிலுள்ள தண்ணீர் வற்றும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டி 140, 150 வந்த பிறகுதான் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நிறமும் மணமும் வருகின்றன.

இது வேகமாக நடந்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. மெதுவாக நடந்தால் உள்ளே உள்ள ஈரமும் வெளியேறிவிடும், நிறம் வருவதற்குள் துண்டு முழுக்கக் காய்ந்து போகும். கரையோரவாசி முதலில் சொன்ன ரஸ்க் அதுதான்.

அதனால் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பீர்கள்: சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் டோஸ்டர். அந்தத் துளையின் பியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர். 15 என்றாலும் 180 வாட். 900 வாட்டில் மூன்று நிமிடம் எடுப்பது இதில் கால் மணி நேரம், அதுவும் வழியில் சூடு எதுவும் வீணாகாவிட்டால். ரொட்டி காயும், சிவக்காது.

---

புது_துடுப்பு

அதையேதான் கேட்க வந்தேன், வாங்காமல் தப்பினேன். என் படகில் கேஸே இல்லை, ஸ்பிரிட் அடுப்பு. அதில் வலை வைத்து டோஸ்ட் செய்யலாமா?

---

சோழகக்காற்று

ஒரிகோ மாதிரி அழுத்தமில்லாத ஸ்பிரிட் அடுப்புதானே? செய்யலாம், பொறுமை வேண்டும். ஒரே எடைக்கு ஸ்பிரிட்டில் வரும் வெப்பம் கேஸில் வருவதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். சுடர் மென்மை. நிறம் வரும், ஆனால் ஓம்_விதி சொன்னது போல உள்ளே கொஞ்சம் காய்ந்து போகும். ஆகவே தடித்த துண்டாக வெட்டுங்கள்.

பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து வலையை எடுக்கக் கை நீட்டாதீர்கள். எரிபொருள் ஊற்றுவது அடுப்பு முழுக்க ஆறிய பிறகு, முடிந்தால் வெளியே எடுத்துப் போய்.

கேஸ் இல்லாத படகில் ஒரு நிம்மதி உண்டு, அதையும் சொல்ல வேண்டும். புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் கதவுக்குக் கீழே வெளியேறலாம். படகில் அது நேரே பில்ஜுக்கு இறங்கும், அதுதான் படகின் ஆக அடியில் உள்ள குழி, அங்கே வெளியேற வழி கிடையாது. ஒரு லிட்டர் திரவம் 250 லிட்டர் வாயு ஆகும், காற்றில் இரண்டு சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பாண் வாட்டி முடிந்ததும் அடுப்புக் கிட்டே உள்ள வால்வை மூடுவது எங்கள் படகில் சட்டம். விருந்தாளி ஆனாலும் சட்டம்.

---

பழைய_பம்பு_ஸ்டவ்

வாலிபர்களே, மண்ணெண்ணெயை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். நம் வீட்டில் பம்பு அடித்து, பின் குத்தி எரித்த அதே ஸ்டவ்தான் ஒரு காலத்தில் உலகமெங்கும் சின்னப் படகுகளில் சமைத்தது. ஸ்வீடனில் லின்ட்குவிஸ்ட் என்பவர் 1892இல் கொண்டுவந்த பிரைமஸ் அது. 1916இல் அண்டார்க்டிக் பயணி ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் எலிஃபன்ட் தீவிலிருந்து தென் ஜார்ஜியாவுக்கு, இருபத்திரண்டரை அடிப் படகில், ஏறத்தாழ 800 மைல் போனார்களே, அதில் இருந்ததும் இதுதான். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஸ்டவ்வைக் கால்களால் இடுக்கிக்கொள்வார்கள், படகு துள்ளும்போது பாத்திரத்தைக் கையால் தூக்கிவிடுவார்கள். கிம்பலாவது ஒன்றாவது.

டோஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வாட்டலாம், தாராளமாக வெப்பம் வரும். ஆனால் பர்னர் முழுக்கக் காய்ந்து நீலச் சுடர் வந்த பிறகுதான் ரொட்டியைக் காட்ட வேண்டும். மஞ்சள் சுடரில் காட்டினால் கரியும் நாற்றமும் ஏறும். ரொட்டி மாதிரி வாசனையை உறிஞ்சும் பொருள் வேறில்லை. நான் இப்போதும் ஒரு பித்தளை ஸ்டவ் வைத்திருக்கிறேன். வீட்டம்மா அதைப் படகைவிட்டு வெளியே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

---

கால்வாய்வாசி

ஐயா, அருமை. இந்த இழைக்கு நீங்கள் வந்ததில் மகிழ்ச்சி.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். சோழகக்காற்று அண்ணா சொன்னபடி கிரிலை முன்கூட்டியே சூடேற்றினேன். நடுக்கரி போய்விட்டது. ஓரம் இன்னும் கொஞ்சம் வெளிர்தான், ஆனால் மகள் சாப்பிட்டாள். தோசைக்கல் டோஸ்ட்டும் செய்தோம். மனைவி அக்கா கட்சி, மகள் அண்ணா கட்சி. சண்டை தீரவில்லை, தலைப்பு மட்டும் மாறியிருக்கிறது.

ஒரு புதுத் தொல்லை: கிரில் எரிந்தால் சன்னல் முழுக்க நீர் கோத்துக்கொள்கிறது.

---

ஓம்_விதி

கோத்துக்கொள்ளத்தான் செய்யும். ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். உங்கள் பத்து கிராமுக்கு 16 கிராம், ரொட்டியிலிருந்து போகும் ஆவி தனி. எஃகுச் சுவர், குளிர்ந்த கண்ணாடி, வேறெங்கே போகும்? கூரையிலுள்ள காளான் வடிவக் காற்றோட்டிகளைக் குளிருக்குப் பயந்து அடைத்து வைத்திருந்தால் திறந்துவிடுங்கள். அவை கேஸ் எரிவதற்கான காற்றுக்காகவே வைத்தவை, அடைக்கவே கூடாது.

---

தண்டயார்பேட்டை_தண்டு

நேரோபோட்டில் விறகு அடுப்பு இருக்குமே, குளிர்காலத்தில் அது இரவு முழுக்க எரியுமே, அதைப் பயன்படுத்த யாருக்கும் தோன்றவில்லையா? கதவைத் திறந்து நீளமான முள்கரண்டியில் குத்திக் காட்டினால் முடிந்தது.

---

கால்வாய்வாசி

தோன்றியது, செய்தும் பார்த்தோம். எங்களிடம் இருப்பது இங்கே படகுக்குப் படகு பார்க்கக் கிடைக்கும், மோர்சோ கம்பெனியின் அணில் படம் போட்ட டேனிஷ் அடுப்பு. தணலாக இருக்கும்போது பிரமாதமாக வரும், கிரில் கிட்டவே வர முடியாது. விறகுத் தணல் என்றால் மணமும் நன்று. நிலக்கரிக் கட்டிகள் போட்டிருந்தால் கந்தக வாடை ஏறிவிடுகிறது. கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் சன்னலும் திறந்திருக்கும்.

பழைய சரக்குப் படகுக் குடும்பங்களுக்கு இதுதான் அடுப்பு. படகின் பின்பக்கம் ஏறத்தாழ பத்தடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலம், அதற்குள் அப்பா அம்மா பிள்ளைகள் எல்லாரும். உள்ளே இறங்கினால் இடது கைப்பக்கம் கரி அடுப்பு. சமையல், குளிர்காய்தல், துணி உலர்த்தல் எல்லாம் அதில். மீதி அறுபதடியும் சரக்குக்கு, ஏனென்றால் கூலி சரக்குக்குத்தான். நமக்கு 57 அடி பத்தவில்லை என்று புலம்புகிறோம்.

ஆனால் சிக்கல் கோடையில். இரண்டு துண்டுக்காக ஜூன் மாதம் அடுப்பு மூட்ட முடியாது.

---

சோழகக்காற்று

அதற்குத்தான் வலை. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ சவுத்தாலிலோ பாத்திரக் கடையில் சப்பாத்தி சுடுகிற கம்பி வலை என்று கேளுங்கள், மரப்பிடி போட்டது. கீழே துளைத் தகடு சேர்ந்து வருவதை எடுங்கள். தகடு சுடரைப் பரப்பிவிடும். படகுக் கடையில் கூம்பு மாதிரி மடங்கும் நாலுபக்க டோஸ்டரும் விற்பார்கள். கால்வாயில் அது பாவிக்கலாம், எங்களுக்குச் சரிவராது. படகு சாய்ந்தால் நாலு துண்டும் நாலு திசை.

துத்தநாகம் பூசிய தோட்டத்து வலையை வெட்டிப் பாவிக்காதீர்கள். நெருப்பில் பூச்சு உரியும், அந்தப் புகை நல்லதில்லை. துருப்பிடிக்காத எஃகு மட்டும்.

பாண் முதல் நாளையதாக இருந்தால் திறம். புதுப் பாணில் ஈரம் கூட. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பழுதாகாது, ஆனால் கெதியாக இறுகிப் போகும். வாட்டப் போகிற பாணுக்கு அது குறையில்லை, வாட்டினால் மாப்பொருள் திரும்ப இளகிவிடும். ஈரப் படகில் வெளியே வைத்துப் பூசணம் பிடிக்க விடுவதைவிட மேல்.

---

புது_துடுப்பு

தூள் தொல்லை? எங்கள் படகில் ரொட்டித் தூள் எங்கெங்கோ போகிறது.

---

சோழகக்காற்று

தரைப் பலகை இடுக்கால் பில்ஜுக்குப் போய், பம்பின் உறிஞ்சு முனையிலுள்ள சல்லடையை அடைக்கும். பம்பு வேலை செய்ய வேண்டிய அன்றைக்குத்தான் அது தெரியவரும். பாணைக் கழுவுதொட்டிக்கு மேலே வைத்து வெட்டுங்கள், சாப்பிடுவது மேல்தளத்தில்.

---

கால்வாய்வாசி

வலை வாங்கியாயிற்று. தகடு சிவந்த பிறகு வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், ஓரம் வரை நிறம். மகள் கட்சி மாறி வலைக் கட்சி. மனைவி கல்லை விடவில்லை.

இன்வெர்ட்டரை இடம் மாற்றும் வேலையை வசந்தத்தில் வைத்திருக்கிறேன். ஓம்_விதி, ஒரு மீட்டருக்குப் பழைய 25 கேபிளையே வெட்டிப் போடலாமா?

---

ஓம்_விதி

டோஸ்டரின் 85 ஆம்பியருக்கு 25 போதும், வோல்ட்டேஜ் இழப்பு குறைவுதான்: போக வர இரண்டு மீட்டருக்கு 0.12 வோல்ட். ஆனால் அது 1500 வாட் இன்வெர்ட்டர். மகள் வளர்ந்து ஹேர் டிரையரைச் செருகினால் 140 ஆம்பியர் ஓடும். 50 போடுங்கள். பேட்டரி நேர்முனையிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் அந்தக் கேபிளுக்கேற்ற பியூஸ் கட்டாயம். முன்பு இருந்தவர் பியூஸ் போட்டிருக்கிறாரா என்று வசந்தம் வரை காத்திராமல் இன்றைக்கே பாருங்கள்.

---

கால்வாய்வாசி

பார்த்தேன். இல்லை. இன்வெர்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். வலை போதும் இப்போதைக்கு.

---

அடுப்படி_அக்கா

கல்லும் இருக்கிறது.